பரிசுப் பணமும் பள்ளிப் பிள்ளையும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பிள்ளைகளே, உங்கள் கண்ணெல்லாம் மேசையில் அடுக்கி வைத்திருக்கும் கோப்பைகளின் மேல்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நான் பேசப்போவதும் பரிசைப் பற்றித்தான். ஆனால் அது உங்களுக்குக் கிடைக்கப்போகும் பரிசு அல்ல. உங்கள் ஆசிரியர்களுக்குக் கொடுக்கலாமா என்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும் பரிசு.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு யோசனை எழுந்திருக்கிறது. நன்கொடையாகச் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, எந்த வகுப்புப் பிள்ளைகள் அதிகப் புள்ளி எடுக்கிறார்களோ அந்த வகுப்பு ஆசிரியருக்கு ஆண்டுதோறும் ரொக்கப் பரிசு கொடுக்கலாம் என்பதே அது. அடுத்த பொதுக்கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்யப்போகிறீர்கள். அதற்கு முன் இதைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள்.

இதைப் பற்றித் தோட்டத்தில் இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். "மாசம் பொறந்தா வாத்தியாருக்குச் சம்பளம் வருது. அப்புறம் பரிசு எதுக்கு?" என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். "உழைக்கிற வாத்தியாருக்கும் ஒரே சம்பளம், நேரத்தை ஓட்டுற வாத்தியாருக்கும் ஒரே சம்பளம்னா, உழைக்கிறவருக்கு என்ன மரியாதை?" என்று இன்னொரு சாரார் கேட்கிறார்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எதை அளந்து பார்த்துப் பரிசு கொடுக்கப்போகிறோம்? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

அளந்து கூலி வாங்குவது என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியைச் சுமந்து வந்து நிறுத்துப் பார்த்த பரம்பரை நாம். இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கணக்கு நம் பெரியவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கணக்கு நமக்கு மூன்று விஷயங்களைச் சொல்லிக் கொடுத்தது.

முதலாவது, வெறும் எடைக்குக் காசு என்றால் பாலில் தண்ணீர் கலக்கும் ஆசை யாருக்காவது வரும். அதனால்தான் எடையோடு நிற்காமல், அந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை பங்கு இருக்கிறது என்று சோதித்துப் பார்த்துக் கணக்கு எழுதினார்கள். செம்பனையிலும் இதே கதைதான். குலைக்கு இவ்வளவு என்று மட்டும் வைத்தால் பழுக்காத குலையும் கீழே விழும். அதனால்தான் காயை வெட்டினால் பிடித்தம் போடுகிறார்கள்.

இரண்டாவது, உளியை ஆழமாகப் போட்டால் இன்றைக்குப் பால் கூடுதலாக வரும். ஆனால் மரத்தில் காயம் படும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருஷம் கழித்து அந்தப் பட்டைக்குத் திரும்பி வரும்போது உளி ஓடாது. இன்றைய வாளி நிறைந்தது, நாளைய மரம் கெட்டது.

மூன்றாவது, எல்லா நிரையும் ஒன்றல்ல. நல்ல மரம் கிடைத்தவருக்கும் வயதான மரம் கிடைத்தவருக்கும் ஒரே அளவு வைத்து, "அவர் இவ்வளவு கொண்டு வந்தாரே, நீ ஏன் கொண்டு வரவில்லை?" என்று கேட்டால் அது நியாயமா? மழை பெய்த நாளுக்குத் தொழிலாளி பொறுப்பா? மழை பெய்தால் அடுப்பு எரியாது என்ற நிலை வேண்டாம், நிலையான மாதச் சம்பளம் வேண்டும் என்று நம்மவர்கள் எத்தனை ஆண்டுகள் கேட்டார்கள்!

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். தேர்வுப் புள்ளிதான் எடை. விளங்காமல் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் பாலில் கலந்த தண்ணீர். அடியும் மிரட்டலும் ஓயாத பயிற்சித் தாளும் பிள்ளையின் படிப்பு ஆசையில் போடும் காயம். வீட்டில் புத்தகமும் வெளிச்சமும் உள்ள பிள்ளை, அம்மா அப்பா இருவரும் இருட்டோடு வேலைக்குப் போய்விட, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை, இவர்கள் எல்லாரும் ஒரே நிரையில் நிற்கும் வேறு வேறு மரங்கள்.

தேர்வு முடிவைப் பார்த்துப் பணம் கொடுப்பது புதிய யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டிலேயே இதைச் செய்தார்கள். அப்போது கல்விப் பொறுப்பை வகித்த ராபர்ட் லோ என்பவர் இந்த விதியைக் கொண்டுவந்தார். வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையாகச் சோதிப்பார். தவறிய பாடத்துக்கு ஏற்றபடி பள்ளிக்கு வரும் மானியம் குறையும். என்ன நடந்தது? இன்ஸ்பெக்டர் கேட்கும் புத்தகத்தையே பிள்ளைகள் வருஷம் முழுதும் உருப்போட்டார்கள். மானியம் வராத பாடங்கள் மூலைக்குப் போயின. அந்நாளில் பள்ளி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்த ஆங்கிலக் கவிஞர் மாத்யூ ஆர்னல்டு இந்த முறையைக் கண்டித்து எழுதினார். 1890களில் அதை அவர்களே கைவிட்டார்கள்.

அதே எண்ணம் கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் போனது. நம் பாட்டன் பூட்டன்மார் மலாயாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர்கள் விட்டு வந்த ஊர்களில் திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்குத் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆக, இது நம் குடும்பத்துக்கும் பழக்கமான கதைதான்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நம் வீடுகளை எப்படி ஆட்டி வைத்தது என்பது உங்களுக்குத் தெரியும். 'ஏழு ஏ' எடுத்த பிள்ளையின் படம் பத்திரிகையில் வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் மூன்று 'டி' எடுத்த பிள்ளை எங்கே போனது என்று யார் கேட்டோம்? தேசிய மொழியில் தேறாமல் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்த பிள்ளை, அதற்குப் பிறகு இடைநிலைப்பள்ளியை முடித்ததா என்று எந்த விழா மேடையில் பேசினோம்?

2010ஆம் ஆண்டு அரசாங்கம் நாட்டிலுள்ள பள்ளிகளை ஏழு தரங்களாகப் பிரித்தது. தொடக்கப்பள்ளியின் தரத்தை முடிவு செய்ததில் பெரும்பங்கு யூ.பி.எஸ்.ஆர். முடிவுக்குத்தான். நல்ல தரத்தை எட்டிய பள்ளி, அல்லது பெரிய அளவில் முன்னேறிய பள்ளி என்றால், தலைமையாசிரியருக்கு 7,500 வெள்ளி ஊக்கத்தொகை. ஆசிரியர்களுக்கும் ஒரு தொகை உண்டு. அதே ஆண்டில் நாட்டின் தலைசிறந்த பள்ளிகள் என்று முதலில் 20 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 700,000 வெள்ளி சிறப்பு மானியம் அறிவித்தார்கள். முன்னேறிய பள்ளியையும் கணக்கில் எடுத்துக்கொண்டது நல்ல விஷயம், அதை மறைக்கக்கூடாது. ஆனால் ஏற்கெனவே உயரத்தில் இருக்கும் பள்ளிக்கு மேலும் பணம் என்றால், கூரை ஒழுகும் சின்னப் பள்ளி எந்தப் படியில் கால் வைத்து ஏறும்?

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறாம் ஆண்டில் 60 பிள்ளைகள் படிக்கும் பட்டணத்துப் பள்ளி ஒன்று. 6 பிள்ளைகள் மட்டும் படிக்கும் தோட்டப்பள்ளி ஒன்று. தேர்வு நாளன்று இரண்டு பள்ளியிலும் ஆளுக்கொரு பிள்ளைக்குக் காய்ச்சல், எழுத முடியாமல் தவறிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டணத்துப் பள்ளியின் தேர்ச்சி 2 விழுக்காடுகூடக் குறையாது. தோட்டப்பள்ளியின் தேர்ச்சி ஏறக்குறைய 17 விழுக்காடு விழுந்துவிடும். அதே போல ஒரு வருஷம் நல்ல சூட்டிகையான பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து வந்துவிட்டால் விர்ரென்று ஏறும். ஆசிரியர் அவரேதான். பாடம் நடத்தும் முறையும் அதேதான். ஒரு வருஷம் மாலை, மறு வருஷம் ஏச்சு. நம் நாட்டில் 150 பிள்ளைகளுக்கும் குறைவான பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த வகைதான். இப்படிப்பட்ட பள்ளியில் ஒரு வருஷத்துப் புள்ளியைப் பார்த்து ஆசிரியரை எடை போடுவது, காற்றடிக்கும்போது தராசைப் பிடிப்பது போல.

2014 செப்டம்பரில் யூ.பி.எஸ்.ஆர். அறிவியல், ஆங்கிலத் தாள்கள் கசிந்துவிட, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மறுபடியும் உட்கார்ந்து எழுத வேண்டி வந்தது. ஒரு தேர்வின் தலையில் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனால் அது எங்கேயாவது பிய்த்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 2021இல் அந்தத் தேர்வே கைவிடப்பட்டது. தேர்வு போனாலும் பழக்கம் போகவில்லை. அதனால்தான் 'அதிகப் புள்ளி எடுக்கும் வகுப்பு' என்ற பேச்சு இன்னும் நம் வாயில் வருகிறது.

அப்படியென்றால் ஆசிரியருக்குப் பரிசே கூடாதா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. 'ஆசிரியர் பணி அறப்பணி, அதில் பணம் கலக்கக்கூடாது' என்று மேடையில் பேசுவது சுலபம். அப்படிப் பேசுகிறவர் ஆசிரியரின் வீட்டு வாடகையைக் கட்டப்போவதில்லை. சபா, சரவாக் உட்பகுதிகளில் படகிலும் காட்டுப் பாதையிலும் போய்ச் சேரும் பள்ளிகளில் வேலை செய்வோருக்கு உட்புறப் படித்தொகை கொடுக்கப்படுவது ஏன்? சிரமத்துக்கு ஒரு விலை உண்டு என்பதால்தான்.

பணம் வேலை செய்யும். அதனால்தான் அதை எதோடு கட்டுகிறோம் என்பதில் அத்தனை கவனம் வேண்டும். இதைச் சும்மா வாயால் சொல்லவில்லை. உலகத்தின் சில நாட்டுப்புறங்களில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நாலு ஊர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் கதை கென்யா. 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் அங்கே நாட்டுப்புறத் தொடக்கப்பள்ளிகள் நூற்றை எடுத்து, 50 பள்ளிகளில் தேர்வு முடிவைப் பார்த்து ஆசிரியர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். எந்தத் தேர்வோடு பரிசைக் கட்டினார்களோ அந்தத் தேர்வில் புள்ளி ஏறியது. ஆனால் ஆசிரியர்கள் பள்ளிக்கு வரும் நாள் கூடவில்லை. வீட்டுப்பாடம் கூடவில்லை. கூடியது தேர்வுக்கான பயிற்சி வகுப்பு மட்டும்தான். பரிசு நின்ற பிறகு, ஏறின புள்ளியும் நிலைக்கவில்லை. பாலில் தண்ணீர் என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான்.

இரண்டாவது கதை ஆந்திரா. 2005ஆம் ஆண்டு தொடங்கி, ஐந்து மாவட்டங்களின் கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சோதித்தார்கள். இங்கே அளவு வேறு. வருஷத் தொடக்கத்தில் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று முதலில் பார்த்தார்கள். வருஷக் கடைசியில் அங்கிருந்து எவ்வளவு தூரம் வந்தார்கள் என்று பார்த்தார்கள். சராசரி ஏற்றம் 5 விழுக்காட்டைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 500 ரூபாய். முதலாவது, இரண்டாவது என்ற போட்டி கிடையாது. எட்டியவர் எல்லாருக்கும் உண்டு. பின்தங்கிய பிள்ளையை ஒதுக்கி வைத்துக் கணக்குக் காட்ட முடியாதபடி விதி வைத்தார்கள். உருப்போட்டு எழுதும் கேள்வியோடு யோசித்து எழுதும் கேள்வியும் வைத்தார்கள். இரண்டு வருஷத்தில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றப் பள்ளிப் பிள்ளைகளை முந்தினார்கள். பரிசே வைக்காத அறிவியலிலும் சமூகப் பாடத்திலும்கூட முந்தினார்கள்! ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது, பள்ளிக்கே பொதுவாகக் கொடுத்ததைவிட, அவரவர் வகுப்புக்கு அவரவருக்குக் கொடுத்ததே நன்றாக நிலைத்தது.

மூன்றாவது கதை ராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பக்கம். சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் ஒற்றை ஆசிரியர் பள்ளிகளை நடத்தியது. ஆசிரியர் பாதி நாள் வருவதில்லை என்பதுதான் அங்கே நோய். 2003இல் ஒவ்வொரு பள்ளிக்கும் நேரமும் தேதியும் பதியும் கேமரா கொடுத்தார்கள். காலையில் ஒன்று, பள்ளி முடியும்போது ஒன்று, ஆசிரியரும் பிள்ளைகளும் இருக்கும்படி ஒரு மாணவனே படம் எடுப்பான். வந்த நாளுக்கு ஏற்பச் சம்பளம். 100 நாளில் 42 நாள் வராமல் இருந்த இடத்தில் அது 21 நாளாகக் குறைந்தது. பிள்ளைகளின் படிப்பும் உயர்ந்தது. அங்கே புள்ளியை யாரும் அளக்கவில்லை, ஆசிரியரின் கையில் இருந்த ஒன்றை, வருகையை மட்டும் அளந்தார்கள். நம் பள்ளியில் அந்த நோய் இல்லை. இல்லாத நோய்க்கு நாம் மருந்து வாங்க வேண்டாம். ஆனால் நோய் எது என்று பார்த்து மருந்து கொடுக்க வேண்டும் என்ற பாடம் நமக்கும் வேண்டும்.

நாலாவது கதை தான்சானியா. இதைத்தான் வாரியத்தினரும் சங்கத்தினரும் குறிப்பாகக் கேட்க வேண்டும். 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் 350 பள்ளிகளில் சோதித்தார்கள். சில பள்ளிகளுக்குப் புத்தகம், பொருள் வாங்க மானியம் மட்டும் கொடுத்தார்கள். பிள்ளைகளின் புள்ளி அசையவில்லை. சில பள்ளிகளில் ஆசிரியருக்கு ஊக்கத்தொகை மட்டும் கொடுத்தார்கள். பலன் அரைகுறை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பள்ளிகளில்தான் பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். உளி இல்லாமல் ஆளை அனுப்பினாலும் பால் வராது, ஆள் இல்லாமல் உளியை மாட்டி வைத்தாலும் பால் வராது.

இந்த இடத்தில் பள்ளிக்கு வரும் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. பி.சி.ஜி. என்று சொல்லப்படும் தலைவீத மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையை ஒட்டி வருகிறது. ஆனால் 30 பிள்ளைக்கும் 300 பிள்ளைக்கும் மழை ஒரே மாதிரிதான் பெய்கிறது. கூரைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தலைக்கணக்குத் தெரியாது. தோட்டம் விற்கப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துக்குப் போகப் போக, பள்ளியில் தலை குறைகிறது, வரும் காசும் குறைகிறது. எண்ணிக்கை குறைந்ததற்கு ஒரு தண்டனை, புள்ளி குறைந்ததற்கு இன்னொரு தண்டனை என்று போனால், அடிபடுவது யார்? வேறு பள்ளிக்கு மாற்ற வசதியில்லாத வீட்டுப் பிள்ளைதான். குருவி தலையில் பனங்காயை வைத்த கதையாகிவிடும். அரசாங்கம் ஏற்கெனவே தலைகளை எண்ணுகிறது. சங்கமும் போய் அதே வேலையைச் செய்ய வேண்டாம். யாரும் எண்ணாததை நாம் எண்ணுவோம்.

ஆகவே பொதுக்கூட்டத்தில் நீங்கள் பேசி முடிவெடுக்க வசதியாக, என் யோசனைகளைச் சொல்லி வைக்கிறேன். ஏற்பதும் மாற்றுவதும் உங்கள் உரிமை.

ஒன்று: 'அதிகப் புள்ளி எடுத்த வகுப்பு' என்ற பேச்சை விட்டுவிடுங்கள். வருஷத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தமிழிலும் தேசிய மொழியிலும் வாசிக்கச் சொல்லி, நாலு கணக்குப் போடச் சொல்லி, எழுதி வையுங்கள். வருஷக் கடைசியில் மறுபடியும் பாருங்கள். 80 எடுத்த பிள்ளை 84 எடுத்தால் நல்லது. 20 எடுத்த பிள்ளை 45 எடுத்தால் அது பெரிய உழைப்பு. இந்த இரண்டாவது உழைப்பு இதுவரை எந்த மேடையிலும் ஏறியதில்லை. அதை ஏற்றுங்கள்.

இரண்டு: சோதிப்பவர் வகுப்பாசிரியராக இருக்கக்கூடாது. அவரை நம்பாததால் அல்ல, அவர் மேல் வீண்பழி வராமல் இருக்க. ஓய்வு பெற்ற ஆசிரியர்களையோ பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களையோ கேட்டால் வந்து செய்வார்கள்.

மூன்று: ஒருவருக்கு மட்டும் பரிசு என்று வைக்காதீர்கள். ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் சின்னப் பள்ளி இது. ஒருவர் கழுத்தில் மாலை போட்டு மற்ற எல்லாரையும் வேடிக்கை பார்க்க வைத்தால், மறுநாள் ஆசிரியர் அறையில் யாரும் யாருக்கும் பாடக்குறிப்புக் கொடுக்கமாட்டார்கள். இவ்வளவு முன்னேற்றம் என்று ஓர் அளவு வையுங்கள். அதை எட்டியவர் எல்லாருக்கும் கொடுங்கள். வகுப்பில் பிள்ளைகள் குறைவு என்பதால், ஒரு வருஷத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு வருஷத்தைச் சேர்த்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

நான்கு: எந்தப் பிள்ளையும் கணக்கிலிருந்து விடுபடக்கூடாது. வராத பிள்ளை, வாசிக்கத் தெரியாத பிள்ளை, பேசவே கூச்சப்படும் பிள்ளை, எல்லாரும் கணக்கில் உண்டு. அப்போதுதான் ஆசிரியரின் கண் கடைசி பெஞ்சுக்கும் போகும்.

ஐந்து: முதல் மூன்று ஆண்டு வகுப்புகளை முன்னால் வையுங்கள். ஆறாம் ஆண்டில் எப்போதும் கூட்டம், வெளிச்சம், கூடுதல் வகுப்பு எல்லாம் இருக்கும். எழுத்தறியாத பிள்ளைக்கு ஆறாம் ஆண்டில் செய்யும் அவசர வைத்தியத்தைவிட, முதலாம் ஆண்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதே மேல்.

ஆறு: ஒதுக்கும் பணம் முழுவதையும் பரிசாக்காதீர்கள். தான்சானியாக் கதையை மறக்க வேண்டாம். பாதியை வகுப்பறைக்குச் செலவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் கையில் எடுத்து வாசிக்கத் தமிழ்க் கதைப் புத்தகங்கள், மலாய்ப் புத்தகங்கள், எண்ணிப் பழகும் பொருள்கள். என்ன வேண்டும் என்று ஆசிரியரையே கேட்டு வாங்குங்கள்.

ஏழு: ஆசிரியர்கள் அரசாங்க ஊழியர்கள். அவர்கள் பரிசு பெறுவதற்கு விதிமுறைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி இலாகாவைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு செய்யுங்கள். நல்ல எண்ணத்தில் கொடுத்த பணம் ஆசிரியருக்கு வம்பாகிவிடக்கூடாது.

பெற்றோர்களே, இந்தத் திட்டத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. நாம் ஆசிரியரை அளக்கத் தொடங்கினால், அவரும் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். "திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று பிள்ளையை ஒரு வாரம் நிறுத்திவிட்டீர்களே, அந்த ஒரு வாரத்தை நான் எங்கே போய்த் தேடுவது?" என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும். மழை நாளுக்குத் தொழிலாளி பொறுப்பல்ல என்றால், பிள்ளை வராத நாளுக்கு ஆசிரியரும் பொறுப்பல்ல. ராத்திரியில் அரைமணி நேரம் டிவியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, "இன்னைக்கு என்ன படிச்ச, வாசிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தட்டுத் தடுமாறி வாசிக்கிறதா, சரளமாக வாசிக்கிறதா என்று காது சொல்லிவிடும்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களை அளப்பதற்காக இந்த ஊர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று வருந்த வேண்டாம். இத்தனை நாளும் யாரும் பார்க்காமல் நீங்கள் செய்துவந்த வேலையைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் ஆண்டில் பென்சில் பிடிக்கத் தெரியாமல் வந்த பிள்ளை, வருஷக் கடைசியில் தன் பெயரையும் தன் தாயின் பெயரையும் எழுதுகிறது. அதற்குப் பின்னால் எத்தனை பொறுமை இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்குகிறவர்களுக்கு என் பாராட்டுகள். பரிசு வாங்காதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவன் எத்தனை புள்ளி என்று எட்டிப் பார்க்காதீர்கள். போன வருஷம் எத்தனை புள்ளி எடுத்தோம், இந்த வருஷம் எத்தனை எடுத்தோம் என்று உங்கள் ஏட்டையே புரட்டிப் பாருங்கள். அது கூடியிருந்தால் நீங்களும் வெற்றி பெற்றவர்கள்தான். அடுத்த ஆண்டு இந்த மேடையில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் ஒரு பரிசு இருக்க வேண்டும் என்று சங்கத்தினரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

பொதுக்கூட்டத்துக்கு எல்லாரும் வாருங்கள். 'படிச்சவங்க பேசிக்கட்டும்' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். எடை போட்டுக் கூலி வாங்கிய உங்களுக்குத்தான் எடையின் நியாயமும் அநியாயமும் தெரியும். எந்த வகுப்பு உயரத்தில் நிற்கிறது என்று கேட்பதற்குப் பதிலாக, எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்று கேட்கும் பள்ளியாக இந்தப் பள்ளி விளங்கட்டும்.



வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!